கர்ண மோட்சத்தைப் பூட்டியது யார்?

கல்வெட்டையும் சுவடியையும் கூத்தையும் பற்றிப் படிக்க வரும் வாசகர்கள், கணினிக் கோப்புகளைப் பூட்டுவதன் வரலாறு இங்கே எதற்கு என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்ததால்தான் இதை எழுதாமல் பல ஆண்டுகள் ஒத்திப்போட்டோம். ஆனாலும் தேசூரில் ஒரு கோடையில் நாங்கள் தொலைத்த 31 பக்கங்கள் அவ்வப்போது நினைவுக்கு வந்து உறுத்துகின்றன. எப்படித் தொலைந்தன என்று தேடப் புகுந்தபோது, அதே தவறு அரை நூற்றாண்டாக வெவ்வேறு வடிவங்களில் நிகழ்ந்து வந்திருப்பது தெரிந்தது.

தேசூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கம் உள்ள பேரூர். ஆரணிப் பட்டின் நெசவு வட்டாரத்தைச் சேர்ந்தது. தெருக்கூத்துக்கும் பெயர்பெற்ற பகுதி. 2009-ஆம் ஆண்டுக் கோடையில், கூத்து வாத்தியார் ஒருவரிடமிருந்த கையெழுத்து நோட்டுகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து வைப்பதென்று நாங்கள் நால்வர் முடிவு செய்தோம். நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் மூன்று கணினிகளைப் பரப்பினோம். மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்சு நிறுவி, சம்பா என்னும் மென்பொருளின் துணையுடன் அதைக் கோப்பு வழங்கியாக்கினோம். 'கூத்து' என்ற பொதுக் கோப்புறை ஒன்று. அதனுள் நாடகத்துக்கு ஒரு கோப்பு.

கர்ண மோட்சம் நோட்டு வாத்தியாரின் தந்தையார் எழுதியது. ஓரங்கள் பொடிந்துகொண்டிருந்தன. மூன்று நாளுக்குமேல் தரமாட்டேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். எங்களில் ஒருவர் பின்பாதியைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க, இன்னொருவர் அதே கோப்பைத் தம் கணினியில் திறந்து முன்பாதிக்கு மெய்ப்புப் பார்த்தார். எ-கலப்பையில் எழுதி, எளிய உரைத்தொகுப்பி ஒன்றில் சேமிப்பதுதான் எங்கள் முறை. மூன்றாம் நாள் மாலை தட்டச்சு செய்தவர் சேமித்துவிட்டு எழுந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் சைக்கிளில் போனார். அரை மணி கழித்து மெய்ப்பாளர் சேமித்தார். மறுநாள் கோப்பைத் திறந்தபோது முன்பாதி துப்புரவாக இருந்தது. பின்பாதியில் 31 பக்கங்களைக் காணவில்லை. நிழற்படம் எடுத்து வைத்திருந்தோம்; ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை மங்கலாக விழுந்திருந்தன.

நண்பரின் தந்தையார் தறியில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க நெஞ்சா எவ்ளோ நெஞ்சோம்னு சாயந்திரம் மொழம் போட்டுப் பாத்துடலாம். நீங்க மூணு நாளா செஞ்ச வேல எங்க போச்சுன்னே தெரியலன்றீங்களே?"

எங்களிடம் பதில் இல்லை. வழங்கி எந்தப் பிழைச்செய்தியும் காட்டவில்லை. அதன் கணக்கில் தவறு எதுவும் நடக்கவே இல்லை.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு இயங்கி வந்தது. பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வகைசெய்த தொடக்ககால முயற்சிகளில் அது ஒன்று. அதிலிருந்த உரைத்தொகுப்பி தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு கோப்புறையில் ஒருவர்தானே வேலை செய்வார் என்ற எண்ணம். ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்புறையில் ஒரே வேளையில் தொகுக்கலாயினர். ஒருவர் கையில் அன்றைய வரவேற்புச் செய்தி. மற்றவர் கையில் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பு. இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவரையும் மொத்தக் கடவுச்சொற் பட்டியலும் வரவேற்றது! அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கார்பட்டோ, 1990-க்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் 31 பக்கங்களுக்கு மூத்த உறவு இது.

இதைவிட எங்களை வியக்க வைத்தது 1974-இல் டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் யுனிக்சு பற்றி வெளியிட்ட கட்டுரை. யுனிக்சின் கோப்பு முறையில் பயனர் காணத்தக்க பூட்டு எதுவும் கிடையாது. அதை அவர்கள் குறையாகவும் கருதவில்லை. எங்கள் சூழலுக்குப் பூட்டு தேவையுமில்லை, போதவும் போதாது என்பது அவர்கள் வாதம். பெரிய தரவுத்தளத்தைப் பலர் ஒருங்கே கையாளும் நிலை அங்கே இல்லாததால் தேவையில்லை. ஏன் போதாது என்பதற்கு அவர்கள் தந்த காட்டு, தேசூர்க் கூடத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு நகலைத் திருத்தும் தொகுப்பியில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், வழக்கமான பூட்டுகளால் அந்தக் குழப்பத்தைத் தடுக்க முடியாது என்கிறார்கள். நாங்கள் பயன்படுத்திய எளிய தொகுப்பியும் அப்படித்தான். திறந்த மறுகணமே கோப்பு முழுவதையும் நினைவகத்துக்கு வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடும். அதன்பின் வழங்கியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் யாருமே இல்லை. யாருமில்லாத வீட்டை யாருக்காகப் பூட்டுவது?

யுனிக்சு இந்த நிலைப்பாட்டில் நெடுங்காலம் நீடிக்கவில்லை. தரவுத்தளங்கள் வந்தன, பூட்டும் வந்தது. 1983-இல் வெளியான பெர்க்லி யுனிக்சின் 4.2 பதிப்பில் 'ஃப்ளாக்' என்னும் முழுக்கோப்புப் பூட்டு இடம்பெற்றது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் முறை இன்னொரு கிளையில் வளர்ந்து, பின்னர் போசிக்ஸ் தரத்தில் இடம்பிடித்தது. பகுதிப் பூட்டை விளக்க எங்களுக்குக் கோர்வை நெசவுதான் நினைவுக்கு வருகிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், தனித்தனி நாடாக்கள், நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை. ஒரே பாவில் இருவர் வேலை செய்தாலும் அவரவர் எல்லை அவரவருக்கு. பகுதிப் பூட்டும் இந்த பைட்டிலிருந்து அந்த பைட்டுவரை எனக்கு, மற்றது உமக்கு என்று எல்லை வகுப்பதுதான்.

ஆனால் யுனிக்சுப் பூட்டு ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. கேட்டுப் பார்க்கும் நிரல் அதை மதிக்கும். கேட்காமல் நுழையும் நிரலை அது தடுக்காது. மைக்ரோசாஃப்ட் மரபு இதற்கு நேர் எதிர். 1984-இல் வந்த டாஸ் 3.0 உடன் 'ஷேர்' என்னும் நிரல் வந்தது. அந்த முறையில் கோப்பைத் திறக்கும்போதே நிபந்தனையும் சொல்லிவிடலாம்: நான் திறந்திருக்கும்வரை பிறர் எழுதக்கூடாது, அல்லது படிக்கவும் கூடாது. மீறித் திறக்க வருபவருக்குக் கதவு திறக்காது. ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் வகுத்த எஸ்.எம்.பி. என்னும் வலையமைப்பு நெறிமுறை இந்தக் கண்டிப்பைக் கம்பிவழியாகவும் கொண்டுசென்றது.

ஆக இரு நாடுகள், இரு சட்டங்கள். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக வந்து நின்றதுதான் சம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 இறுதியிலும் 1992 தொடக்கத்திலும் எழுதிய நிரல் அது. கம்பியில் போய்வரும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, அவற்றின் இலக்கணத்தை ஊகித்து எழுதினார். முதலில் வைத்த பெயருக்கு வணிக உரிமைச் சிக்கல் எழவே, எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி 'சம்பா'வைப் பிடித்தார் என்பது கணினி உலகம் அறிந்த கதை. (சம்பா என்றதும் நெல் நினைவுக்கு வருவது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்.)

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர்களுக்குத் தெரியும், சில சொற்களுக்கு மறுமொழியில் இணையே இருக்காது. சம்பாவுக்கும் அந்தத் தொல்லை. விண்டோசின் திறப்பு நிபந்தனைகளுக்கு யுனிக்சில் நிகரான ஏற்பாடு இல்லை. ஆகவே சம்பா தனக்கென்று சிறு தரவுத்தளக் கோப்பு ஒன்றில் அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்கிறது. சம்பா வழியாக வருபவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். வழங்கியின் முன்னாலேயே அமர்ந்து கோப்பைத் திறப்பவருக்கு அது தெரியாது. எங்களில் ஒருவர் இருக்கை பற்றாமல் வழங்கியிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்து வந்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நிலையைக் குறைக்கத்தான் 'போசிக்ஸ் லாக்கிங்' என்ற அமைப்பு வரி உள்ளது. விண்டோசுக் கணினி கேட்கும் பகுதிப் பூட்டைச் சம்பா தன் கணக்கில் எழுதுவதுடன் யுனிக்சுப் பூட்டாகவும் போட்டு வைக்கும். அதுவும் அறிவிப்புப் பலகையே. பார்க்கத் தெரிந்த நிரலுக்கு மட்டும் பயன்படும்.

அந்த யுனிக்சுப் பூட்டில் ஒரு விபரீதமும் உண்டு. ஒரு நிரல் ஒரே கோப்பை இருமுறை திறந்து, அவற்றில் ஒன்றை மூடினால், அந்தக் கோப்பின்மீது அது வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் கழன்றுவிடும். புழக்கடைக் கதவைச் சாத்தினால் வாசற்கதவின் பூட்டு விழுந்துவிடும் வீடுபோல! தரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எல்லோரும் பின்பற்ற வேண்டியதாயிற்று. சம்பாக்காரர்கள் இதைச் சுற்றிப்போக நிறைய வரிகள் எழுதினார்கள். இந்தக் கோணலைத் தவிர்க்கும் புதுவகைப் பூட்டு லினக்சில் 2014-இல், 3.15 பதிப்பில்தான் வந்தது.

முதல் இழப்புக்குப் பின் நாங்கள் எளிய தொகுப்பியைக் கைவிட்டுச் சொற்செயலிக்கு மாறினோம். கோப்பு திறந்திருக்கும்வரை அது பிடியை விடாது. பக்கத்திலேயே சிறு அடையாளக் கோப்பு ஒன்றை வைத்து, திறந்திருப்பவர் பெயரையும் எழுதி வைக்கும். இரண்டாமவர் திறந்தால் இன்னார் வேலை செய்கிறார் என்று அறிவிக்கும். மூன்று வாரம் நன்றாகவே போனது.

பிறகு மின்வெட்டு வந்தது. அந்த ஆண்டுகளின் தமிழகத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழங்கிக்கு மட்டும் மின்கலத் துணை இருந்தது. மற்றவை ஒரே நொடியில் அணைந்தன. மின்சாரம் திரும்பியபின் ஒருவர் தம் கணினியை எழுப்பாமலே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் திறந்து வைத்திருந்த கோப்பு எங்களில் யாருக்கும் திறக்கவில்லை. அவர் பெயரில் பூட்டு அப்படியே இருந்தது. ஆளோ வந்தவாசிப் பேருந்தில்.

பூட்டின் வரலாற்றில் மிகக் கடினமான சிக்கல் இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கம்பியின் மறுமுனையில் அமைதி நிலவினால், அங்கிருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று வழங்கிக்கு எப்படித் தெரியும்? சன் நிறுவனம் 1984-ஐ ஒட்டி என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறையை உருவாக்கியபோது, வழங்கி யாரைப் பற்றியும் எதையும் நினைவில் வைக்காது என்பதையே கொள்கையாகக் கொண்டது. அது அழகான கொள்கைதான். வழங்கி விழுந்து எழுந்தாலும் எதுவும் நடவாததுபோல் வேலை தொடரும். ஆனால் பூட்டு என்பதே நினைவு அல்லவா? இன்னார் வைத்திருக்கிறார் என்று நினைவில் வைக்காமல் பூட்ட முடியாது. எனவே பூட்டுக்கென்று 'லாக்டி' என்றும், யார் விழுந்து எழுந்தார்கள் என்று கவனிக்க 'ஸ்டாட்டி' என்றும் இரு துணை ஏவலாளர்களைத் தனியே வைத்தார்கள். விழுந்த கணினி எழுந்துவந்து சொன்னால் பழைய பூட்டுகள் கழியும். எழவே இல்லையென்றால்? நிர்வாகி கைவைக்கும்வரை அவை அப்படியே கிடக்கும்.

விடை 1989-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் எழுதிய ஆய்வுரை, பூட்டைக் குத்தகையாக்கலாம் என்றது. காலவரையறையுடன் கொடு, கெடு முடியுமுன் புதுப்பித்தால் உரிமை தொடரும், மௌனமாக இருந்தால் தானே காலாவதியாகும். நிலக் குத்தகை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கணினி உலகுக்குப் பெரிய விடுதலை. என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு (முதல் வரையறை 2000, திருத்தியது 2003) பூட்டுகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு குத்தகை முறையை ஏற்றது. லினக்சு வழங்கியில் அதன் இயல்பான கெடு 90 விநாடி. தேசூரில் எங்கள் சம்பா வழங்கியில் அந்த வசதி இல்லை. 'எஸ்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையைக் கொடுத்து, எந்தச் செயல்முறை கோப்பைப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, அதை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கட்டளையை அறிவதற்குள் ஒருவர் அவசரப்பட்டு அடையாளக் கோப்பை மட்டும் அழித்தார். பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு காலியாகிவிடுமா?

பூட்டு விலகிக் கோப்பு திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. ஊருக்குப் போனவர் அடித்துச் சொன்னார், மின்வெட்டுக்குச் சற்று முன்தான் சேமித்தேன் என்று. கோப்பில் அந்தப் பகுதி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. இங்கேதான் 'ஆப்லாக்' என்னும் வாய்ப்புப் பூட்டு வருகிறது. வேறு யாரும் இந்தக் கோப்பைத் தொடவில்லை. எனவே ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் வராதே, உன் நினைவகத்திலேயே படித்துக்கொள், எழுதிக்கொள். யாராவது கேட்டு வந்தால் சொல்கிறேன், அப்போது கணக்கை ஒப்படை என்று வழங்கி கணினிக்குத் தரும் சலுகை அது. வேகம் பன்மடங்கு கூடும். ஆனால் சேமித்தாயிற்று என்று திரை சொல்லும்போதும் எழுத்து இன்னும் கம்பியைக் கடக்காமல் இருக்கலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் போனதுதான். எங்களுக்கு நேர்ந்தது இதுவே என்று கொள்கிறோம்.

சம்பா இந்தச் சலுகையை 1998-இல் வெளியான 1.9.18 பதிப்பில் வழங்கத் தொடங்கியது. வழங்கியிலேயே அமர்ந்திருப்பவர் கோப்பைத் தொட்டால் சலுகையை முறிக்க, இயக்குதளத்தின் உதவி வேண்டும். லினக்சு 2.4 பதிப்பு 2001-இல் அதற்கென்றே ஒரு குத்தகை வசதியைத் தந்தது. சம்பாவில் அதன் பெயர் 'கெர்னல் ஆப்லாக்ஸ்'. இவ்வளவும் மைக்ரோசாஃப்டின் ஆவணம் கையில் இல்லாமலே, கம்பியை ஒட்டுக்கேட்டுக் கட்டியவை என்பதை மறக்கக்கூடாது. நெறிமுறை விவரங்களைப் போட்டியாளருக்குத் தரவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் ஆணையிட்டது; 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பெறும் ஒப்பந்தம் சம்பா குழுவினருக்காகக் கையெழுத்தானது. இலக்கணம் கைக்கு வருவதற்குள் பதினைந்து ஆண்டுகள் அந்த மொழியைப் பேசிவிட்டிருந்தார்கள்.

நாங்கள் செய்த மாற்றங்கள் சிலவே. 'கூத்து' கோப்புறைக்கு மட்டும் 'ஆப்லாக்ஸ்', 'லெவல்2 ஆப்லாக்ஸ்' இரண்டையும் 'நோ' என்று வைத்தோம். சில நூறு கிலோபைட் கோப்புக்கு வேகம் எதற்கு? கைபடாத நிழற்படங்கள் இருந்த கோப்புறைக்கு 'யெஸ்' அப்படியே இருந்தது. கடைநிலை வேகத்துக்காக 'லாக்கிங்' என்ற வரியையே அணைத்துவிடும்படி சொல்பவர்கள் உண்டு. பலர் எழுதும் இடத்தில் அதைத் தொடவே கூடாது. வழங்கியில் நேரடியாக உட்கார்ந்து எழுதுவதை நிறுத்தினோம். எளிய தொகுப்பியையும் தடைசெய்தோம்; இது அமைப்புக் கோப்பில் எழுதக்கூடிய வரி அல்ல, சுவரில் ஒட்டிய தாள்.

பூட்டே வேண்டாம் என்னும் மரபும் ஒன்று உண்டு. 1980களில் வந்த ஆர்.சி.எஸ். ஒருவர் எடுத்தால் பிறர் காத்திருக்கவேண்டும் என்றது. அதன் வழிவந்த சி.வி.எஸ். எல்லோரும் எழுதுங்கள், மோதினால் அப்போது பேசித் தீர்ப்போம் என்றது. விக்கிப்பீடியா பின்னதன் வழி. மோதல் நேர்ந்தால் இரு வடிவங்களையும் முன்னால் வைத்து உங்களையே முடிவுசெய்யச் சொல்லும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, நூலை ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பது என்று வேலையைப் பிரித்தே எத்தனையோ நூல்களை வலையேற்றியிருக்கிறது. அதை அறிந்திருந்தும் நாங்கள் ஒரே கோப்பில் இருவரை உட்கார வைத்தோம்.

அந்த 31 பக்கங்களுக்காக வாத்தியாரிடம் மறுபடி போனோம். நோட்டை மீண்டும் பிரிக்க அவருக்கு மனமில்லை. பிரித்தால் மிஞ்சாது என்றார். "நோட்டு எதுக்கு தம்பி, நான் சொல்றேன் எழுதிக்கங்க" என்று திண்ணையில் அமர்ந்து இரண்டு மாலைகள் பாடியும் சொல்லியும் காட்டினார். எழுதிவந்து, மங்கலாயினும் படிக்க முடிந்த ஏழெட்டு நிழற்படங்களுடன் ஒப்பிட்டோம். பல இடங்களில் வேறுபட்டது. பொன்னுருவியின் புலம்பல் நோட்டில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. நோட்டிலிருந்த ஒரு தரு அவர் சொன்னதில் வரவே இல்லை. எது சரி என்று கேட்டதற்கு, அப்பா எழுதினது அப்பா ஆடினது, நான் சொன்னது நான் ஆடறது என்றார். கர்ண மோட்சத்துக்கு எங்களிடம் இப்போது இரண்டு கோப்புகள் இருக்கின்றன.